இணைய உலகில் நமக்குரிய மனை

மனிதன் தன் எண்ணத்தைப் பிறர்க்கு உணர்த்தக் கண்ட கருவிகளுள் இணையம் தலைசிறந்தது. டிம் பேர்னர்ஸ் லீ 1989இல் வகுத்த உலகளாவிய வலை, 1993இல் கட்டணமின்றி யாவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. எவரும் தமக்கென ஓரிடம் அமைத்து ஏனையோருடன் தொடர்பு கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பாகும். இன்றோ நம்மவருட் பெரும்பாலோர் முகநூல் முதலிய சில பெருநிறுவனத் தளங்களிலேயே கூடுகின்றனர்.

இந்நிலையின் பொருளை மலையக மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. லயன் அறையிற் பல தலைமுறை வாழ்ந்தோர்க்கும் அது சொந்தமன்று. மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாறு 2023இல் நினைவுகூரப்பட்டபோதும் காணியுரிமைக் கோரிக்கையே ஓங்கி ஒலித்தது. பெருந்தளங்களில் நாம் எழுதிக் குவிப்பனவும் அத்தகைய இரவல் மனையிலேயே இருக்கின்றன. கூகுள் நிறுவனம் தனது கூகுள் பிளஸ் தளத்தை 2019 ஏப்ரலில் மூடிற்று. 2021 ஒக்டோபர் 4ஆம் நாள் முகநூலும் வட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் செயலற்றன. உரியவர் கதவை அடைப்பின் குடியிருப்போர் செய்வது யாது?

மாற்று வழி உண்டு. மின்னஞ்சலை நோக்குக. வெவ்வேறு நிறுவனங்களிற் கணக்குடையோரும் தம்முள் மடல் வரைகின்றனர். பொது விதிகளே அவர்களை இணைக்கின்றன. 2016இல் தோன்றிய மாஸ்டடன் இம்முறையினதே. சிறு குழுக்கள் தத்தமக்கெனத் தளம் நடத்தி, ஒன்றோடொன்று உரையாடுகின்றன.

பலர் கூடித் தமக்கெனத் தொடர்புச் சாதனம் அமைப்பது நம் மலைநாட்டிற்குப் புதிதன்று. 1989இல் தொடங்கிய கொத்மலை சமுதாய வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் இணையத்தை ஊரவரிடம் கொண்டு சென்றது. நேயர் வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி, அவர்க்கு விளங்கும் மொழியில் ஒலிபரப்பினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி அளிக்கப்பட்டது. கணினி இல்லாத வீட்டிற்கும் இணைய அறிவு இவ்வாறு எட்டிற்று.

எழுத்தைப் பேணுவதிலும் இவ்வழியே சிறந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளாது மறைந்தன. தன்னார்வலர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம், ஈழத்து நூல்களோடு மலையக வெளியீடுகளையும் இலவசமாக யாவர்க்கும் வழங்குகின்றது.

எனினும், சொந்த மனைக்குச் சொந்த உழைப்பு வேண்டும். ஆண்டுக் கட்டணம் செலுத்தல், பழுது நீக்கல், அவதூறு புகாது காத்தல் ஆகியன நம் தலைமேல் விழும். பொறுப்பேற்றோர் சோர்வரேல் சிறு தளமும் மறையும். ஆதலின் பெருந்தளங்களை அறவே துறக்குமாறு யாம் கூறவில்லை. செய்தி பரப்ப அவை பயன்படுக. மூலப்படி நம்மிடம் இருத்தல் வேண்டும்.

கல்லூரியின் பெயரால் ஓர் இணைய முகவரியைப் பழைய மாணவர் சங்கம் பேணுவதும், மாணவர் சிலர் அதனை நடத்தப் பயிலுவதும் அரிய செயல்களல்ல. பழைய மலர்களை வைத்திருப்போர் மின்படி எடுக்க உதவுவாராக. அப்பணிக்கு இவ்விழா மலரே முதற் படியாகுக!