உச்ச சுரமும் ஊதுபவரின் உதடும்

ஆண்டின் முதல் தவணை வந்தால் திருகோணமலைப் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிப் பரபரப்புத்தான். அணிநடைக்கு பாண்ட் வேண்டும். இசை தெரிந்தவரைத் தேடி ஆள் வரும்: "சேர், இந்தப் பாட்டை ட்ரம்பெட்டுக்கு எழுதித் தாங்கோ." கீபோர்டில் அமைத்து, கணினியில் கேட்டு, அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் கணினிக்கு உதடு இல்லை. மேல்ஸ்தாயியில் எழுதும்போது அந்த உதட்டைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

சுருதியைக் கணக்கிடுங்கள்

பி-ஃபிளாட் ட்ரம்பெட், தாளில் உள்ளதைவிட ஒரு முழுச்சுரம் தாழ்ந்து ஒலிக்கும். பாட்டின் உச்சி கீபோர்டில் பி-ஃபிளாட் என்றால் தாளில் அது சி. ஐந்து கோடுகளுக்கு மேலே இரண்டாவது துணைக்கோட்டில் போய் உட்காரும். தேர்ந்த கலைஞருக்கே அது உழைப்பு. சட்ஜத்திலிருந்து சுத்த மத்தியமம் வரை உள்ள தூரத்துக்குப் பாட்டை இறக்குங்கள். உச்சி ஜி-யில் நிற்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதையே எல்லையாக வைக்கலாம்.

படியேற்றுங்கள், பாயவிடாதீர்கள்

வால்வை அழுத்தாமலே ட்ரம்பெட் பல சுரங்கள் தரும். கீழே அவை சி, ஜி, சி என்று தள்ளித் தள்ளி நிற்கும். மேலே இ, ஜி, பி-ஃபிளாட், சி என நெருங்கிவிடும். எது ஒலிக்கும் என்பதை உதடும் மூச்சுமே தீர்மானிக்கும். இம்மி பிசகினால் பக்கத்துச் சுரம் வந்துவிடும். ஆகவே உச்சிக்குப் பக்கத்துச் சுரங்கள் வழியாக ஏற்றுங்கள். நெடுநேரம் சும்மா இருந்தவரை உச்சியிலேயே தொடங்க வைக்காதீர்கள். அங்கே மெதுவாக ஊதச் சொல்வதும் வீண். அது பலத்தோடுதான் பேசும்.

ஓய்வையும் எழுதுங்கள்

இசையமைப்பாளர் பாக் 1721-இல் காணிக்கையாக்கிய பிராண்டன்பர்க் கச்சேரிகளில் இரண்டாவது, உயரமான ட்ரம்பெட் பகுதிக்குப் பேர்போனது. அதிலேயே நடுப்பகுதி முழுவதும் ட்ரம்பெட்டுக்கு ஒரு சுரமும் இல்லை. நீங்களும் மேல்வரியை இருவருக்குப் பங்கிடுங்கள். இடையிடையே கிளாரினெட்டிடம் கொடுங்கள்.

மைதானத்தை நினையுங்கள்

நடந்துகொண்டே ஊதும்போது ஒவ்வோர் அடியும் உதட்டில் இடிக்கும். வெயிலில் பித்தளை சூடேறினால் சுருதி கூடும். நிழலில் கூட்டிய சுருதி நிற்காது. சுருதிக் குழாயை இழுத்துச் சரிசெய்ய ஓரிரு நிமிடம் கேட்டு வாங்குங்கள். மேடைக்கு முன் மரியாதை செலுத்தும் இடத்துக்கு ஒரே ஓர் உச்சியை மிச்சம் பிடியுங்கள்.

தாளோடு வேலை முடியாது

டொக்யார்டில் உள்ள கடற்படை பாண்டுக்குப் பொருந்தும் தாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருந்தாது. கூலி பேசும்போதே ஒரு பயிற்சிக்கு வருவதையும் திருத்தித் தருவதையும் சேர்த்துப் பேசுங்கள். கடினமான இடங்களில் ஒரு ஸ்தாயி தாழ்ந்த மாற்றுவரியைச் சிறிய எழுத்தில் போடுங்கள். பயிற்சி தொடங்கும்போது அல்ல, முடியும்போது கேளுங்கள். களைத்த உதட்டோடு மூன்றாம் முறையும் பிடிபடுகிற சுரம் எதுவோ, அதுதான் உங்கள் தாளின் உச்சி.