லாந்த்: மனிதர் நட்ட கடற்கரைக் காடு

பிரான்சு நாட்டின் தென்மேற்கில், ஜிரோந்து முகத்துவாரத்திலிருந்து அதூர் ஆறு கடலில் கலக்கும் இடம் வரை, ஏறத்தாழ 230 கிலோமீட்டர் நீளத்துக்கு நூல் பிடித்தாற்போல் நேரான மணற்கரை ஒன்று உள்ளது. அதன் பின்னால் சுமார் 10 இலட்சம் ஹெக்டேர் பரப்பில் பைன் காடு விரிந்து கிடக்கிறது. பொர்தோ நகரிலிருந்து ஆர்க்காஷோனுக்கு ரயிலில் செல்லும் பிரயாணி சன்னல் வழியே காண்பது பெரும்பாலும் ஒரே வகை மரம். அதுவும் வரிசை வரிசையாக. இக்காட்டை இயற்கை தந்த வனம் என்று அவர் கருதினால் வியப்பில்லை. ஆயினும் இப்பிரதேசத்தின் பெயராகிய லாந்த் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் காடு என்பது பொருளன்று; புதர் மண்டிய வெட்டவெளி என்பதே பொருள். 1857-ஆம் ஆண்டுக்கு முன் இங்கு வந்தவர்கள் கண்டதும் பெரும்பாலும் அதைத்தான்.

பிரதேசத்தைக் காண வருபவர் முதலில் பிலா மணற்குன்றின் மீது ஏறிப் பார்ப்பது நல்லது. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து, மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்துக்குக் கிடக்கும் இக்குன்று, ஐரோப்பாவிலேயே மிக உயரமான மணற்குன்று. இது இன்றும் ஓய்ந்து நிற்கவில்லை. மேல்காற்று கடற்புறத்து மணலை வாரி நிலப்புறத்தில் கொட்டுகிறது. அடிவாரத்துப் பைன் மரங்கள் நின்ற நிலையிலேயே புதைகின்றன. கடற்புறச் சரிவில் கறுத்த பட்டைகள் சில குறுக்கே ஓடுகின்றன. அவை பழைய மண்ணின் எச்சங்கள். மிகத் தாழ்வான பட்டை ஏறக்குறைய 4,000 ஆண்டு பழமையானது. மணல் ஓய்ந்த காலத்தில் மரங்கள் முளைத்ததையும், பின்னர் மணல் மீண்டும் எழுந்து அவற்றை மூடியதையும் அப்பட்டைகள் காட்டுகின்றன. ஆகவே பைன் இம்மண்ணுக்கு அந்நியமன்று. கடலோரத்தில் ஆங்காங்கே அது தொன்றுதொட்டு இருந்துவந்தது. அதைப் பிரதேசம் முழுவதும் பரப்பியதே மனிதரின் செயல்.

அச்செயல் கடலோரத்தில் தொடங்கிற்று. நகரும் மணல் வயல்களையும் வீடுகளையும் விழுங்கிவந்தது. சுலாக் என்ற ஊரின் தேவாலயமே பதினெட்டாம் நூற்றாண்டில் மணலுள் மறைந்து, அடுத்த நூற்றாண்டில்தான் தோண்டி எடுக்கப்பட்டது. 1787-இல் பிரெமோந்தியே என்னும் பொறியியலாளர் ஆர்க்காஷோன் விரிகுடாவை அடுத்து மணலை நிறுத்தும் பணியைத் தொடங்கினார். அவருக்கு முன்பே வேறு சிலர் முயன்று பார்த்திருந்தனர்; புகழ் அவருக்கே சென்றது. முறை எளியது. அலை எட்டாத இடத்தில் பலகைகளை வேலிபோல் நடுவர். மணல் அதில் மோதிக் குவியும். குவியக் குவியப் பலகையை மேலே இழுத்துவிடுவர். இவ்வாறு காற்றே தனக்கு எதிராக ஓர் அணையை எழுப்பிக்கொள்ளும். அவ்வணையில் மணலைப் பிடிக்கும் புல்லை நட்டு, அதன் மறைவில் பைன் விதையையும் புதர்ச்செடி விதையையும் கலந்து தூவி, வெட்டிய கிளைகளால் மூடுவர். வேகமாக வளரும் புதர்ச்செடி முதல் சில ஆண்டுகள் பைன் கன்றுக்குக் குடையாக நிற்கும்.

உள்நாட்டுச் சமவெளியில் நேர்ந்த தொல்லை வேறு. அங்கு மணல் பறக்கவில்லை, தண்ணீர் வடியவில்லை. மணற்பாங்கான நிலத்தில் நீர் தேங்குவதாவது என்று கேட்கத் தோன்றும். விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மக்கிய புதரின் அமிலச் சத்து மழைநீருடன் கீழிறங்கும்போது இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு போய், அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலான ஆழத்தில் மணலைப் பிணைத்துக் கல்போல் இறுக்கிவிடுகிறது. செம்மை கலந்த கருநிறமுடைய அப்படைக்கு அலியோஸ் என்று பெயர். நிலமும் சரிவில்லாதது. எனவே குளிர்காலத்தில் சமவெளி சதுப்பாகவும், கோடையில் அதே நிலம் வறண்ட பொட்டலாகவும் மாறும். வகுப்பில் இதைக் காட்டுவது எளிது: ஒரு கண்ணாடிக் குவளையில் வெறும் மணலையும், மற்றொன்றில் களிமண் பூச்சின் மீது அதே அளவு மணலையும் இட்டு, இரண்டின் அடியிலும் துளையிட்ட பின் நீர் ஊற்றினால், மேற்பரப்பில் ஒன்றுபோல் தோன்றும் இரு நிலங்கள் வேறுபடுவதை மாணவர் கண்ணாரக் காண்பர். கள ஊழியருக்கு ஒரு மண் துளைக்கருவியே போதும்.

இச்சதுப்பில் மக்கள் வாழாமலில்லை. ஆடு மேய்ப்போர் பொய்க்கால் கட்டி நடந்தனர். முள்ளும் நீரும் தீண்டாமல் தொலைவிலுள்ள மந்தையைப் பார்க்க அது உதவிற்று. மூன்றாவது கழி ஒன்றில் சாய்ந்து நின்றபடியே கம்பளி பின்னுவர். (ஆர்க்காஷோனைச் சேர்ந்த சில்வேன் தோர்னோன் என்ற ரொட்டிக் கடைக்காரர் 1891-இல் பாரிசிலிருந்து மாஸ்கோ வரை பொய்க்காலிலேயே நடந்து காட்டினார்.) ஆடு வளர்த்தது முக்கியமாக இறைச்சிக்காகவோ கம்பளிக்காகவோ அன்று, எருவுக்காக. பகலில் பொதுநிலத்தில் மேய்ந்த ஆடுகள் இரவில் பட்டியில் அடையும். அங்கே பரப்பிய புதர்த்தழையோடு சேர்ந்த எரு, வீட்டருகே இருந்த சிறு வயல்களில் ரை தானியத்தையும் தினையையும் விளைவித்தது. ஒரு சிறு வயலுக்குப் பின்னால் பெரும் மேய்ச்சல் வெளி ஒன்று நின்றது. வெளியூர் அதிகாரிகள் அதைத் தரிசு என்று எழுதினர். அவர்கள் கண்ட வறுமை பொய்யன்று: காய்ச்சல் மலிந்திருந்தது, மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டவரிடையே பெல்லாக்ரா நோய் பரவியிருந்ததை ஜான் அமோ என்ற மருத்துவர் 1829-இல் விவரித்தார். ஆனால் தரிசு என்ற சொல் மட்டும் பொருந்தாது.

ஷாம்பிரெலான் என்னும் பொறியியலாளர் 1849-இல் பொர்தோவுக்கு அருகே நிலம் வாங்கி, மென்சரிவான ஆழமற்ற வடிகால்களை வெட்டி, நீர் வடிந்த பின் பைனும் ஓக்கும் விதைத்தார். மரங்கள் செழித்தன. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி 1857 ஜூன் 19-இல் சட்டம் இயற்றியது: ஒவ்வோர் ஊரும் தன் பொதுநிலத்தை வடித்து மரம் நட வேண்டும், முடியாவிட்டால் அரசே நட்டுச் செலவை ஈடுசெய்துகொள்ளும். செலவுக்குப் பணமில்லாத ஊர்கள் நிலத்தின் ஒரு பகுதியை விற்றன. பொதுநிலம் தனியாருடையதாயிற்று; மேய்ச்சல் சுருங்கியது; மந்தைகள் குறைந்தன. மேய்ப்போர் சிலர் இளங்காட்டுக்குத் தீ வைத்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன.

மேய்ப்பரின் மகன் பிசின் எடுப்பவன் ஆனான். பட்டையைச் சீவி, காயத்தை அடிக்கடி புதுப்பித்து, வடியும் பிசினைச் சேர்ப்பது அத்தொழில். முன்பு மரத்தடிக் குழியில் மணலோடு சேர்ந்த பிசினுக்கு, 1840-களில் பியேர் உய்க் என்பவர் மண்சட்டியை மரத்திலேயே பொருத்திக் காட்டினார். காய்ச்சி வடித்தால் டர்பென்டைன் தைலமும் ரோசினும் கிடைக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) அந்நாட்டுச் சரக்கைத் தடுத்ததால் விலை ஏறிற்று. லாபத்தில் பெரும்பங்கு நிலவுடைமையாளருக்குச் சென்றது. உழைத்தவர் வாரக்குடிகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வேலைநிறுத்தமும் செய்தனர். 1990 வாக்கில் பிசின் தொழில் நின்றுபோயிற்று. இன்று காடு மரத்துக்கும் காகிதக்கூழுக்கும் பயன்படுகிறது.

மறைந்துபோன வாழ்க்கையைக் காண விரும்புவோர் சாப்ர் ஊரிலிருந்து சிறு ரயிலில் மார்கேஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். ஓக் மரங்களின் நிழலில், வேலியற்ற புல்வெளியில் மரச்சட்ட வீடுகளும் ஆட்டுப்பட்டியும் நரிக்கு எட்டாமல் கால் மேல் நிற்கும் கோழிக்கூடும் உள்ளன. பெலிக்ஸ் ஆர்னோதேன் (1844–1921) எடுத்த புகைப்படங்களும் அக்காலத்தைக் காட்டும். பைன் வளர வளரத் தம் வெட்டவெளி மறைவதைக் கண்டு அவர் வருந்தினார்.

ஒரே மரம் நிறைந்த காட்டுக்குரிய ஆபத்துகள் பின்னர் வெளிப்பட்டன. 1949 ஆகஸ்டில் எழுந்த தீயில் 82 பேர் மாண்டனர். அதன் பின் காட்டினூடே அகன்ற வெட்டவெளிகள் திறக்கப்பட்டன; அவற்றில் மக்காச்சோளம் பயிராயிற்று. 2009 ஜனவரி 24-இல் வீசிய புயல் சுமார் 4 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அலியோஸ் படையும் உயர்ந்த நிலத்தடி நீரும் வேரை ஆழமாகச் செல்லவிடாத இடங்களில் பைன் மேலோட்டமாகவே வேரூன்றுகிறது என்பதை இங்கு நினைக்க வேண்டும். 2022 ஜூலையில் லா தெஸ்த்திலும் லாந்திராசிலும் எரிந்த தீக்கள் 20,000 ஹெக்டேருக்கு மேல் அழித்தன. லா தெஸ்த்தில் கருகியவற்றுள், உள்ளூரார் விறகுக்கும் வீடு கட்டவும் மரமெடுக்கும் உரிமையை இடைக்காலத்திலிருந்து காத்துவந்த பழங்காடும் ஒன்று. 1857-இன் சட்டத்துக்கு முற்பட்ட அக்காட்டில் பைனோடு ஓக்கும் கலந்து நின்றது.

பைன் இலையைத் தின்னும் ஊர்வலப் புழுவைப் பற்றி இப்பிரதேசத்தில் செய்த ஆராய்ச்சி ஒன்றையும் குறிப்பிடலாம். நடவின் ஓரத்தில் அகன்ற இலை மரங்களை வரிசையாக நிறுத்தினால் தாய் அந்துப்பூச்சிக்குப் பைன் எளிதில் தென்படுவதில்லை. அவ்விடத்தில் புழுக்கூடுகள் குறைகின்றன. எனவே ஓக்கும் பூர்ச்சும் நடவின் ஓரங்களில் மீண்டும் இடம் பெறத் தொடங்கியுள்ளன.