அருங்காட்சியக வேலைக்குப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, சானமாவுக் கொல்லைமேட்டிலிருந்து ஒரு பிள்ளை இந்த வேலைக்குப் போவதே எனக்குப் பெருமை. வயசானவன் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்.

1. எடுக்கும் முன் எழுது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அங்கேயே எடுத்த இன்னொரு கரி மாதிரிக்குக் கி.மு. 1615. எது எந்த ஆழத்தில் கிடைத்தது என்று குறித்து வைத்ததால்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. ஆழம் தெரியாத கரித்துண்டு அடுப்புக்கரிதான்.

2. சீட்டை மட்டும் நம்பாதே. ஒருமுறை பழைய பெட்டியொன்றைத் திறந்தோம். கருப்பு-சிவப்புக் கிண்ணம், உள்ளே கருமை மினுங்க, விளிம்புகூட உடையாமல் இருந்தது. கூட வைத்த சீட்டைக் கரையான் அரித்து, ‘பள்ளி’ என்ற கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சம். நம் பக்கம் பள்ளி என்று முடியும் ஊர் எத்தனை! அந்தக் கிண்ணத்தின் ஊர் இன்றுவரை தெரியவில்லை. எகிப்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்த பானைகள் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போயின. ஆனாலும் பானை மேலேயே மையால் எழுதிய கல்லறை எண்ணை வைத்து, அவை கிடைத்த இடத்தை இன்றும் கண்டுபிடிக்கிறார்கள். நீயும் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் எண்ணை எழுது. பதிவேட்டிலும் அதையே எழுது.

3. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. யார் அவசரப்படுத்தினாலும் ஊர்ப்பெயரை ஊகித்து நிரப்பாதே. காலி இடத்தைப் பின்னால் வருகிறவர் நிரப்புவார். தப்புப் பெயரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

4. பெருமை முந்தக் கூடாது. செங்கடல் கரையிலே குசைர் அல்-காதிமில் தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடுகள் கிடைத்தன. கேட்டபோது எனக்கும் மெய்சிலிர்த்தது. அங்கே 2007-இல் கிடைத்த ஓட்டின் எழுத்தைப் படித்தவர் ஐராவதம் மகாதேவன். அது இந்தியச் சேமிப்புப் பானைதான் என்று சொன்னவர் பானை வகை அறிந்த ரோபர்ட்டா டோம்பர். எழுத்தும் பானையும் ஒத்துப்போன பிறகு பேசு.

5. ஒரு சில்லைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

6. ஊர்க்காரரை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு, தெலுங்கோ கன்னடமோ அவர் பேச்சிலேயே கேள். எந்த மேட்டை ஜேசிபி வழித்தது, அந்த மண் எந்த லேஅவுட்டுக்குப் போனது என்பது அவருக்குத்தான் தெரியும். ஓசூர்ப் பக்கம் மனை போடும் இடத்தில் பானை ஓடு தெரிந்தால் தொடாதே. படம் எடு, இடத்தைக் குறி. அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் சொல்லிவிடு.