குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாதா? ஊருக்குக் கிளம்புமுன்...

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. விழுப்புரம் தாண்டி ஒரு சாலையோர ஓட்டலில் இட்லி வாங்கினோம். "சட்னியில கடலை இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். "பொட்டுக்கடலைதான்மா" என்றார் பரிமாறியவர். அன்று பொட்டுக்கடலை தீர்ந்துபோய், வறுத்த வேர்க்கடலையை அரைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியாது. விரல்நுனியளவு சட்னிதான் வாயில் வைத்தான். ஐந்தே நிமிடத்தில் கீழுதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்பு. அழுகுரல் கம்மியது. கைப்பையில் கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி இருந்ததால் பிள்ளை பிழைத்தான்.

செய்ய வேண்டியவை

• கேள்வியைச் சமையல் மாஸ்டரிடமே கேளுங்கள். 'கடலை' என்று மட்டும் சொன்னால் கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா என்று குழம்புவார்கள். வேர்க்கடலை, நிலக்கடலை என்று பெயர் சொல்லுங்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை, இலங்கையில் கச்சான். 'அலர்ஜி' என்றால் வெறும் அரிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். "சாப்பிட்டா குழந்தைக்கு மூச்சு அடைச்சிடும்" என்று சொல்லிப் பாருங்கள், அடுப்படிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வார்கள்.

• எண்ணெயையும் கேளுங்கள். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் ஒவ்வாமை தரும் புரதம் தங்கியிருக்கும். பஜ்ஜி, போண்டா பொரிக்கும் சட்டி எல்லாவற்றுக்கும் பொது என்பதையும் மறக்கவேண்டாம்.

• புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே குழந்தை மருத்துவரைப் பார்த்து அட்ரினலின் பற்றிப் பேசுங்கள். பேனா போன்ற தானியங்கி ஊசி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை; பலருக்கும் ஆம்ப்யூலும் சிரிஞ்சும்தான். எடைக்கேற்ற அளவை எழுதி வாங்கி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வீட்டுப் பெரியவர்கள் இருவராவது கற்றுக்கொள்ளுங்கள். மருந்து எப்போதும் குழந்தை இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

• ரயிலில் ஏறியதும் இருக்கையையும் ஜன்னல் விளிம்பையும் ஈரத்துணியால் துடையுங்கள். முந்தைய பயணி உரித்த கடலைத்தோல் இடுக்கில் கிடக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர, கடலைப் புரதத்தைப் போக்காது.

• பாக்கெட் தின்பண்டத்தின் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் படியுங்கள். 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள்படி வேர்க்கடலை இருந்தால் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

• முதல் நாளைக்காவது வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

• புளியோதரையிலோ எலுமிச்சைச் சாதத்திலோ கடலையைப் பொறுக்கிவிட்டு ஊட்டாதீர்கள். கோயில் பிரசாதமானாலும் இதுதான். கடலையை எடுத்தாலும் அதன் துணுக்குகள் சோற்றில் ஒட்டியிருக்கும்.

• மூச்சு இரைத்தாலோ, குரல் மாறினாலோ, குழந்தை திடீரென்று துவண்டாலோ அலர்ஜி சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். சிரப் அரிப்பைத்தான் குறைக்கும். மூச்சுக்குழல் அடைப்பதைத் தடுப்பது அட்ரினலின். முதலில் ஊசி, உடனே 108.

• பதறிப்போய்த் தோளில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் கால் நீட்டியபடி உட்காரவையுங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

• 'தெளிந்துவிட்டான், போகலாம்' என்று பஸ் ஏறிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மறுபடி வரலாம். மருத்துவமனைக்குப் போய், அவர்கள் அனுப்பும்வரை இருங்கள்.

• வெயிலில் நிற்கும் காருக்குள் மருந்தை விட்டுச் செல்லாதீர்கள். ஐஸ்மேலும் நேராக வைக்காதீர்கள்.

• புதுப் பண்டம் எதையும் பயணத்தில் பழக்காதீர்கள்.

• பாட்டி, அத்தை மனம் நோகுமே என்று வாய்மூடி இருக்காதீர்கள். போய்ச் சேருமுன்பே போன்செய்து சொல்லிவிடுங்கள். "ஒரே ஒரு கடலை உருண்டைதானே" என்று நீட்டுவது அன்புதான். ஆனால் அந்த ஒரு உருண்டையே உயிருக்கு ஆபத்து.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயணத்தில் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு ஆசையாக எதையாவது நீட்டுமுன், "கொடுக்கலாமாம்மா?" என்று தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.