இளக்குவனவும் வழுக்குவனவும்: வீட்டுப் பட்டறைக்கு ஒரு பாடம்

எள்ளினின்று பெற்ற நெய் எண்ணெய் எனப்பட்டது. எள் என்பதன் ஈறும் நெய் என்பதன் முதலும் ணகரமாய்த் திரிந்தமையைப் புணரியல் வகுப்பிலே நாம் கற்பிப்பதுண்டு. நாளடைவில் அப்பெயர் எள்ளை விட்டு நீங்கித் தேங்காய்க்கும் ஆமணக்கிற்கும் உரியதாகி, ஈற்றில் நிலத்தினின்று எடுத்த பொருளுக்கும் ஆகி, மண்ணெண்ணெய் என வழங்கலாயிற்று. பெயர் ஒன்றாயினமையாற் பொருளும் ஒன்றே எனக் கருதி, கதவுக் கீல் முனகினாலும் பூட்டு இறுகினாலும் கைக்கு அகப்பட்ட எண்ணெயை வார்ப்பது நம்மவரிற் பலருக்கு வழக்கம். அவ்வழக்கத்தை ஆராய்தலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

வேண்டிய பொருளை வேண்டுமுன்னரே அருகில் வைத்திருத்தல் தமிழர்க்குப் புதிதன்று. உப்பு வாணிகர் வழியில் அச்சு முறியுமோ என அஞ்சி, வண்டியின் அடியிலே மாற்றச்சு ஒன்றைக் கட்டிச் சென்றமையைப் புறநானூற்றின் 102 ஆம் பாட்டால் அறிகிறோம். வீட்டுப் பட்டறை வைத்திருப்போரும் அம்முன்னறிவைக் கைக்கொள்ளல் வேண்டும். ஆயின் எவற்றை வைத்தல், எங்ஙனம் வைத்தல் என்பன தெளிதற்குரியன.

பட்டறைத் திரவங்களை இருவகைப்படுத்தலாம். அழுக்கையும் பழைய எண்ணெய்ப் பசையையும் வண்ணப்பூச்சையும் இளக்கி நீக்குவன கரைப்பான்கள். மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் என்பன இவ்வகையின. இரு பரப்புகளுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று, ஒன்றையொன்று தேயாது காப்பன உராய்வு நீக்கிகள். தையற்பொறி எண்ணெய், இயந்திர எண்ணெய், கிறீஸ் என்பன இவ்வகையின. முன்னது கழுவுவது, பின்னது காப்பது. மண்ணெண்ணெயாற் கழுவிய துவிச்சக்கர வண்டிச் சங்கிலி சிறிது நேரம் இலகுவாய் ஓடும். ஆயின் பழைய காப்பு கரைந்து போயினமையின், துடைத்து உலர்த்திப் புதிய எண்ணெய் இடாவிடில் அது விரைவிற் துருவேறும்.

இன்று கடைகளிற் தெளிகலனாக விற்கப்படும் டபிள்யூ டி 40 என்பதன் வரலாறும் இதனை விளக்கும். அது 1953 இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலே, நீரை அகற்றித் துருவைத் தடுத்தற்கென ஆக்கப்பட்டது. நாற்பதாம் முயற்சியிற் கைகூடியமையின் அவ்வெண் பெயரில் நின்றது. நனைந்த கருவியினின்று ஈரத்தை ஓட்டவும், இறுகிய மரையாணியை இளக்கவும் அது நன்று. நெடுநாள் சுழலும் உறுப்பிற்கோ அதன்பின் தடித்த எண்ணெயோ கிறீஸோ இடல் வேண்டும்.

இனி நம் ஊருக்குரிய செய்தி ஒன்று. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலே உறையும். கண்டியைச் சார்ந்த பல்லேகலப் பகுதியில் மார்கழி, தை மாதத்து விடியற்காலைகளில் வெப்பநிலை 20 பாகைக்கும் கீழே செல்வதுண்டு. பட்டினத்திலே தாராளமாய் ஓடிய எண்ணெய் இங்கே தையற்பொறியினுள் வெண்மெழுகாய் நிற்கும்; பையவே சிக்குப் பிடித்துத் தூசியையும் சேர்க்கும். எனினும் அதனை முற்றாய் விலக்கல் வேண்டா. ஒத்த இயல்புடையது ஒத்ததைக் கரைக்கும் என்பது விதி. ஆதலிற் கையிற் படிந்த கிறீஸையும் எண்ணெய்ப் பூச்சையும் நீக்கத் தேங்காயெண்ணெய் தேய்த்துச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் போதும். இதற்குப் பெற்றோலையோ தின்னரையோ கையிற் பூசுதல் தோலுக்குக் கேடு.

பூட்டின் துளைக்குள் எண்ணெய் வார்த்தலும் தகாது. தூசி ஒட்டிச் சேறாகும். அதற்கு உகந்தது காரீயப் பொடி. அதன் மென்படலங்கள் ஒன்றன்மேலொன்று வழுக்குதலால் உலர்ந்த நிலையிலேயே உராய்வைக் குறைக்கும். கேகாலை மாவட்டத்துப் போகலையும், குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவும் காரீயச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றவை. அத்தகைய நாட்டிலே வாழும் நாம், மென்மையான பென்சிலின் கரியைத் திறப்பிலே தேய்த்துப் பூட்டினுட் செலுத்தி இயக்கினால் அதுவே போதும். மரத்திற் செலுத்தும் திருகாணிக்கு மெழுகுதிரியைத் தேய்த்துக் கொள்ளலாம்.

இதுகாறும் கூறியன பொருளைக் காப்பன. இனிக் கூறுவன உயிரைக் காப்பன. பெற்றோல் கடுங்குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடும். அவ்வாவி காற்றினும் பாரமானதாகலின் தரையோடு படர்ந்து அடுத்த அறையின் அடுப்பை அடையும். 2022 இல் எரிபொருட்டட்டுப்பாடு நிலவிய காலத்திலே பெற்றோலை வீட்டினுள் சேமித்தோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேலே தான் அவ்வாறு பற்றத்தக்க ஆவியை விடும். ஆதலிற் கழுவுதற்குப் பெற்றோலைக் கொள்ளாது மண்ணெண்ணெயைக் கொள்க. அதனையும் சுடர் அணுகாத காற்றோட்டமான இடத்திற் பயன்படுத்துக. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிதல் ஆகாது. உலரும்பொழுது தானே வெம்மையுற்று எரியக்கூடும். அதனை வெளியிலே விரித்து உலர்த்துக.

யாவற்றினும் கொடிது, மண்ணெண்ணெயையும் தின்னரையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தல். தாகத்தோடு வரும் குழந்தை போத்தலின் வடிவத்தை அறியும், உள்ளிருப்பதை அறியாது. ஒரு மிடறு வயிற்றை அடைதலினும் சில துளி நுரையீரலை அடைதலே பெருங்கேடு. ஆதலின் குடித்த குழந்தையை வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது; வாந்தியோடு அத்திரவம் மீண்டும் மூச்சுக்குழலிற் புகும். தாமதியாது 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. போத்தலையும் உடன் கொண்டு செல்க. இன்னது எனத் தெரிதல் வைத்தியர்க்குத் துணையாகும்.

இங்கேதான் தமிழாசிரியர் பட்டறைக்குள் நுழைய உரிமை பெறுகின்றார். கலம் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதப்படல் வேண்டும். பல்லேகல போன்ற இடங்களில் வீட்டிற்கு வருவோரும் அயலவரும் இருமொழியினராதலின், தமிழிலும் சிங்களத்திலும் எழுதுக. வாங்கிய கலத்திலேயே வைத்தல் சிறப்பு. குழந்தை எட்டாத உயரத்திலே பூட்டுடைய பெட்டியில் வைத்தல் அதனினும் சிறப்பு. எழுத்தறியாத பிள்ளைக்கு எழுத்து அரணாகாது, பூட்டே அரணாகும்.

பெட்டியில் இருக்கவேண்டியன சிலவே: மண்ணெண்ணெய் அரைப் போத்தல், தையற்பொறி எண்ணெய், சிறு கிறீஸ் டப்பி, காரீயப் பொடி, மெழுகுதிரி, துடைக்கும் துணி. வண்ணம் பூசுங்காலத்து மட்டும் டர்பன்டைன் அல்லது தின்னர் வேண்டிய அளவு வாங்குக. எஞ்சியதையும் கழிவெண்ணெயையும் வடிகாலிலோ நிலத்திலோ ஊற்றற்க. பல்லேகலச் சரிவுகளின் நீர் மகாவலியையே நாடும்.

மாணவர் செய்துபார்க்க ஒரு சோதனை: இரு சிறு குப்பிகளில் முறையே தேங்காயெண்ணெயும் தையற்பொறி எண்ணெயும் சிறிது எடுத்து, பெயரெழுதி மூடி, குளிர்ந்த நீரிலே அரைமணி நேரம் நிறுத்துக. எது உறைந்தது, எது ஓடுகின்றது என்பதைக் குறித்துக் கொள்க. பின்னர் வீட்டிலுள்ள எண்ணெய்க் கலங்களைப் பெற்றோருடன் பார்வையிடுக. பெயரற்ற கலம் ஒன்று காணப்படின், அதன் பெயரை அன்றே எழுதுக. உள்ளிருப்பது இன்னதென எவர்க்கும் தெரியாதாயின், அதனை மோந்து பாராது பெரியோரிடம் ஒப்படைக்க. கற்ற எழுத்து அன்று ஓர் உயிருக்குக் காவலாய் நிற்கும்.