எந்தத் தூரம், யார் துணை? நிதி திரட்டும் டிரையத்லானுக்கு ஒரு வழிகாட்டி

நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, அதன் பேரில் ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் தூரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் சொல்வது வேறு வரிசை. முதலில் உங்களைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து உங்களோடு கடலுக்கு வர ஒருவர், ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம் மிதிக்கும்போது பின்னால் ஸ்கூட்டரில் வர ஒருவர், வீட்டில் உங்கள் பங்கு வேலையை ஏற்றுக்கொள்ள ஒருவர், வசூல் கணக்கு எழுத ஒருவர். இந்த நால்வரில் எத்தனை பேர் உறுதி என்று தெரிந்த பிறகு தூரத்துக்கு வாருங்கள்.

1980-இல் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் ஒரு செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அந்த நாட்கள் முழுக்க வேனை முன்னால் ஓட்டிப்போய் நிறுத்தி, தண்ணீரோடு காத்திருந்து, சமைத்தும் போட்டவர் அவருடைய பள்ளித் தோழர் டக் ஆல்வர்ட். உலகம் ஓடியவரை நினைவில் வைத்திருக்கிறது. தயாராகிறவர்கள் அந்த வேனையும் நினைவில் வைக்கவேண்டும்.

சென்னையில் இருந்து தயாராகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். கடலும், பொது நீச்சல்குளங்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஒரே ஊரில் கிடைப்பது பெரிய வசதி.

தூரங்களைப் பார்ப்போம். ஸ்பிரின்ட் எனப்படுவது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நீந்தத் தெரிந்த, ஓரளவு ஓடுகிற யாரும் மூன்று மாதத்தில் தயாராகிவிடலாம். ஒலிம்பிக் தூரம் அதன் இரட்டிப்பு: 1.5, 40, 10. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக நுழைந்தபோது வைக்கப்பட்ட தூரம் இதுதான். அடுத்தது அரை அயர்ன்மேன். 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 மிதித்து, 21.1 ஓடவேண்டும். மொத்தம் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் 70.3, அதையே பெயராகவும் வைத்திருக்கிறார்கள். முழு அயர்ன்மேன் 3.8, 180, 42.2. 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த பந்தயத்திலிருந்து பிறந்த தூரம் அது. இன்று பெரும்பாலான இடங்களில் அதை முடிக்க 17 மணி நேரம் தருகிறார்கள்.

முழுத் தூரத்துக்கு வாரம் 12 முதல் 15 மணி நேரம், ஏறக்குறைய ஓர் ஆண்டு தேவைப்படும். வேலைக்குப் போகிற, சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஒருவர் அதை ஏற்றால் சுமையின் பாதி வீட்டில் இருப்பவர் தோளில் விழும். அவர் மனதார ஒப்புக்கொள்ளாமல் அந்தத் தூரத்தைத் தொடாதீர்கள். அரைத் தூரத்துக்கு வாரம் 8 முதல் 10 மணி நேரம், ஐந்தாறு மாதம் போதும். நன்கொடை கொடுப்பவர்களோ கிலோமீட்டரை எடைபோட்டுக் கொடுப்பதில்லை. உங்களைத் தெரியும், காரியம் நல்லது, பணம் போய்ச்சேரும் என்ற நம்பிக்கையில் கொடுக்கிறார்கள். 180 கிலோமீட்டர் மிதித்தால்தான் நிதி சேரும் என்று நினைக்கவேண்டியதில்லை. முதல்முறை இறங்குபவருக்கு ஒலிம்பிக் தூரம், அல்லது ஏற்கெனவே அரை மராத்தான் ஓடி முடித்தவர் என்றால் அரை அயர்ன்மேன். இதுவே என் தேர்வு. மூன்று பேர் ஆளுக்கொரு பகுதியாகச் செய்யும் ரிலேவையும் குறைவாக எண்ணாதீர்கள். ஒரு தெருவிலிருந்து மூன்று வீடுகள் சேர்ந்தால் மூன்று வீட்டு உறவும் நட்பும் நிதிக்கு வந்துவிடும்.

அடுத்த தேர்வுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அமைப்பாளர் நடத்தும் பந்தயத்தில் சேருவதா, உங்கள் ஊரிலேயே நீங்களாக ஒரு பாதை வகுத்துச் செய்வதா?

அமைப்பாளர் பந்தயம் என்றால் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோவா. 2019-இல் பணஜியின் மீராமார் கடற்கரையில் அயர்ன்மேன் 70.3 தொடங்கியது. இலங்கையில் அதற்கு ஓராண்டு முன்பே, 2018-இல், கொழும்பில் நடந்தது. இப்படிப்பட்ட பந்தயத்தில் சாலையை மூடிவைக்கிறார்கள், நீச்சலில் காவல் படகு உண்டு, மருத்துவக் கூடாரம் உண்டு, முடித்ததற்கு ஊரறிந்த சான்று உண்டு. ஆனால் நுழைவுக் கட்டணமே பல ஆயிரம் ரூபாய். விமானம், விடுதி, சைக்கிளைப் பெட்டியில் கட்டி அனுப்பும் செலவு எல்லாம் தனி. நேரக்கட்டும் உண்டு: பொதுவாக நீச்சலுக்கு ஒரு மணி பத்து நிமிடம், மொத்தத்துக்கு எட்டரை மணி நேரம். துணைவருபவர்கள் கட்டாயம் தெரிந்துவைக்கவேண்டிய விதி ஒன்றும் இருக்கிறது. பந்தயம் நடக்கும்போது வெளியாள் உதவி கூடாது. உங்கள் தம்பி வழியில் நின்று வாழைப்பழம் நீட்டினாலும், தோழி பக்கத்தில் சேர்ந்து ஓடினாலும் தண்டனை உங்களுக்கு. தகுதிநீக்கம் வரை போகலாம். அங்கே உங்கள் ஆட்களின் வேலை தொடக்கக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. பிறகு கைதட்டலாம், பெயர் சொல்லிக் கத்தலாம். அதுவும் பெரிய பலம்தான்.

சொந்தப் பாதையில் இது தலைகீழ். கோவளத்தில் நீந்தி, மாமல்லபுரம் வரை போய்வந்து, நீங்கள் நிதி திரட்டும் பள்ளி வாசலில் ஓட்டத்தை முடிக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கடைசிக் கிலோமீட்டரில் உங்களோடு ஓடலாம். வழியில் டீக்கடைக்காரர் மோர் வைக்கலாம், சைக்கிள் கடைத் தம்பி பஞ்சர் ஒட்டலாம். செலவு மிகக் குறைவு, ஊரே பங்கெடுக்கும். ஆனால் பாதுகாப்பு முழுக்க உங்கள் பொறுப்பு. சாலை மூடப்படாது. காவல் நிலையத்துக்கும், கடலில் இறங்குவதால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். ஒரு மருத்துவரோ செவிலியரோ வண்டியில் கூடவே வரவேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் நிச்சயமாகக் கிடைத்தால் சொந்தப் பாதையையே எடுங்கள். உள்ளூர்க் காரியத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. இரண்டு மூன்று பேர்தான் என்றால் அமைப்பாளர் பந்தயத்துக்குப் போங்கள். ஆள் பலம் இல்லாமல் கடலில் சொந்தமாக நீச்சல் வைப்பது உயிரோடு விளையாடுவது.

நீச்சலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும். டிரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நேர்கிறது. நாற்பதைத் தொட்டவர்கள் பயிற்சி தொடங்குமுன் ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

குளமா, கடலா? முதல் மூன்று மாதம் குளம்தான். வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்ற 50 மீட்டர் குளத்தில் 38 நீளம் நீந்தினால் 1.9 கிலோமீட்டர். 25 மீட்டர் குளம் என்றால் 76. திரும்பும் இடத்தில் சுவரை உதைத்துத் தள்ளுவதால் கிடைக்கும் ஓய்வு அதிகம், அது கடலில் கிடைக்காது. குளத்தில் மூச்சும் கைவீச்சும் சரியானபின் கடலுக்கு வாருங்கள். மெரினாவில் வேண்டாம். அங்கே அலைக்குப் பின்னால் உள்ளிழுக்கும் நீரோட்டம் ஆண்டுதோறும் உயிர் வாங்குகிறது, காவல்துறையும் இறங்கவிடாது. ஏரிகளும் வேண்டாம்; சேறும் கொடியும் ஆழம் தெரியாத பள்ளமுமாக இருக்கும்.

கடலுக்கு யாரை நம்புவது? பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், நீச்சல் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அன்றைய கடலைப் படிக்க அந்தக் குப்பத்து மீனவரை விட்டால் ஆள் கிடையாது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி வெள்ளமா, வடக்கிலிருந்து தெற்கே வரும் வன்னியா என்பதை அவர் தண்ணீரைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். “இன்னிக்கு வன்னி ஓடுது தம்பி, வடக்க எறங்கி தெக்க வாங்க” என்று அவர் சொன்னால் அப்படியே செய்யுங்கள். ஓட்டத்துக்கு எதிராக நீந்திப் பலம் காட்டும் நாள் அதுவல்ல. கோவளத்தில் சர்ஃபிங் கற்றுத்தரும் மீனவ இளைஞர்கள் பலகையோடு கூடவே வருவார்கள். இன்னும் தள்ளிப் போவதென்றால் ஒரு ஃபைபர் படகு வேண்டும். அவர்கள் அன்பால் வந்தாலும் டீசலுக்கும் ஒரு காலை நேரத்து வருமானத்துக்கும் பணம் கொடுத்துவிடுங்கள். அதைத் திரட்டிய நிதியிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் கையிலிருந்து கொடுங்கள்.

கோவா பந்தயம் அக்டோபர், நவம்பர் வாக்கில் வருகிறது. அதற்குமுன் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரை கொந்தளித்துக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் நம் கரையில் காலை வேளை ஓரளவு அடங்கியிருப்பது நமக்கு வாய்ப்பு. ஆனால் அப்போது மேற்கிலிருந்து வீசும் காற்று கரையிலிருந்து உள்ளே தள்ளும். கரைக்கு இணையாக நீந்துங்கள், இடுப்பில் பளிச்சென்ற நிறத்தில் மிதவை கட்டுங்கள், வெயில் ஏறுமுன் கரையேறுங்கள்.

சைக்கிளுக்கு ரோட் பைக்கா ஹைபிரிடா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: ஒலிம்பிக் தூரம்வரை உங்களிடம் உள்ள ஹைபிரிட் போதும். அரைத் தூரத்துக்கு ரோட் பைக் இடுப்புக்கும் நேரத்துக்கும் நல்லது. புதிதாக வாங்குமுன் சைக்கிள் குழு நண்பர்களிடம் ஒரு பருவத்துக்கு இரவல் கேட்டுப் பாருங்கள். உங்கள் உயரத்துக்கேற்ற சட்டகம் யாரிடமாவது சும்மா நின்றுகொண்டிருக்கும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்வந்தால் 90 கிலோமீட்டரை ஒட்டி வரும். முட்டுக்காடு பாலத்தில் பக்கக்காற்று பிடித்துத் தள்ளும். ஞாயிறு விடியலில் அந்தச் சாலையில் இரவு முழுக்கக் கேளிக்கை முடித்துத் திரும்பும் கார்களும் வரும், ஆகவே பின்விளக்கும் பின்னால் ஒரு ஸ்கூட்டரும் அவசியம். ஓட்டப் பயிற்சிக்குத் துணை கிடைப்பது எளிது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒன்று மட்டும்: சைக்கிளிலிருந்து இறங்கியதும் உடனே ஓடிப் பழகுங்கள். அந்த முதல் இரண்டு கிலோமீட்டரில் கால் இரும்பாக இருக்கும்.

சாப்பாட்டில் விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டா, வீட்டுப் பண்டமா என்ற கேள்வி வரும். நெடுந்தூரத்தில் உடல் மணிக்கு 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்தைக் கேட்கும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் உண்டு. பயிற்சியில் பழம், பேரீச்சை, உப்புப் போட்ட கஞ்சி எல்லாம் தாராளமாகப் போதும். பந்தய நாளில் சைக்கிள் மேல் உரித்துத் தின்ன முடியாது என்பதால் அப்போது ஜெல் வசதி. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நம் வெயிலில் வியர்வையோடு போவது சோடியம். எனவே இளநீரோடு உப்பும், அல்லது ஓஆர்எஸ் கரைசலும் வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரலாம். துணைக்கு வருபவர்கள் அன்பு மிகுதியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அவர்களுக்கு இதை முன்பே விளக்கிவிடுங்கள்.

இனிப் பணம். பெரிய நிறுவனத்துக்குத் திரட்டுவதா, உள்ளூர்ச் சிறு அமைப்புக்கா? 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடம் என்றால் பெயரைச் சொன்னாலே போதும், நம்பிக்கைக்கு விளக்கம் வேண்டாம், ரசீது ஒழுங்காக வரும். சிறு அமைப்பு, உதாரணமாக உங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளி, என்றால் ஒரு லட்ச ரூபாய் ஓர் ஆண்டுக்கான பிசியோதெரபி கருவிகளாகக் கண்ணுக்குத் தெரியும். துணைநிற்பவர்கள் ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஆனால் அமைப்பின் பதிவுச் சான்று, தணிக்கைக் கணக்கு, வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருப்பது ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு.

பணத்தை உங்கள் கணக்கில் வாங்கி மொத்தமாகக் கட்டுவது எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ரசீது உங்கள் பெயருக்கு வரும், கொடுத்தவர்களுக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காது, ஊரில் ஒரு சந்தேகமும் முளைக்கும். அமைப்பின் க்யூஆர் அட்டையை நேரடியாகப் பகிருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பவர் தரலாம். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பினால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்குவதா, மொத்தத் தொகையா? கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்றால் 113 கிலோமீட்டருக்கு 1,130 ரூபாய். நூறு பேர் என்றால் 1,13,000. கேட்க எளிது, பிள்ளைகளுக்கும் கணக்குப் பிடிக்கும். சிக்கல், நீங்கள் பாதியில் நிற்க நேர்ந்தால். உடல் சொல்லும் எச்சரிக்கையை மதித்து நிற்கவேண்டிய நேரத்தில், இன்னும் இத்தனை ரூபாய் போய்விடும் என்ற எண்ணம் உங்களை ஓடவைக்கக்கூடாது. அதனால் நான் மொத்தத் தொகையையே சொல்கிறேன். வாக்குக் கொடுத்தவர்கள் பெயரை மொய் நோட்டு எழுதுவதுபோல் வரிசையாக எழுதி, பணம் அமைப்புக்குப் போய்ச்சேர்ந்ததும் பக்கத்தில் ரசீது எண்ணைக் குறியுங்கள். அதை எழுத வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். மகிழ்ந்து செய்வார், யார் இன்னும் கொடுக்கவில்லை என்பதை உங்களைவிட நாசூக்காக நினைவுபடுத்துவார்.

நுழைவுக் கட்டணம், பயணம், உடுப்பு எல்லாம் உங்கள் செலவு என்பதை முதல் வேண்டுகோளிலேயே எழுதுங்கள். நிறுத்தும் உரிமை யாருக்கு என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். சொந்தப் பாதையில் போகிறவர்கள் அதைக் கூட வரும் மருத்துவரிடமும் படகில் இருக்கும் மீனவரிடமும் கொடுத்துவிடுங்கள். அவர்களில் ஒருவர் போதும் என்றால் மறுபேச்சில்லாமல் கரையேறவேண்டும், வண்டியில் ஏறவேண்டும். வாக்குக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பும் முதல் செய்தியில் இந்த வரியும் இருக்கட்டும்.