அமைதியான வீட்டிற்கு எந்த நாய்?

சிங்கம்புணரி வட்டார விவசாயிகள் காவலுக்கு நாய்க்குட்டி வாங்கும்போது இனத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் முயல் வேட்டைக்கு உரியவை. வீட்டாரிடம் சாதுவாக இருந்தாலும் ஓடும் கோழியைத் துரத்தும். கோம்பை மூர்க்கமான காவல் நாய். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கவும்.

குழந்தைகளும் ஆடு, கோழிகளும் உள்ள வீட்டிற்கு, சாதுவான நாட்டு நாயின் குட்டியே போதும். தாய் நாயின் குணத்தைப் பார்த்து, 8 வாரம் முடிந்த குட்டியை எடுத்து, அப்போதிருந்தே எல்லோரிடமும் பழக்கவும். நாள் முழுவதும் கட்டிப்போட்டால் சாது நாயும் கடிநாயாகும்.

மூன்றாம் மாதத்திலும், ஒரு மாதம் கழித்தும், பிறகு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். வெறிநோய் கண்டபின் காப்பாற்ற மருந்தில்லை.